குறிதவறாத துப்பாக்கியும் குறைத்துக் காட்டும் தராசும்

இணையவழித் துப்பாக்கி விளையாட்டுகளிலே கள்ளச் செயலிகளைக் கையாளுதல் குற்றமன்று, அது சாமர்த்தியமே என்றொரு கருத்து மலையகத்து இளைஞரிடையே வேரூன்றி வருகின்றது. ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவை, தலவாக்கலை ஆகிய நகரங்களின் கையடக்கத் தொலைபேசிக் கடைகளில் மாத்திரம் இக்கருத்து ஒலிக்குமாயின் அதனைப் பொருட்படுத்தாது விட்டுவிடலாம். சமத்துவம் பற்றியும் சுரண்டல் பற்றியும் மணிக்கணக்கில் உரையாட வல்ல பல்கலைக்கழக மாணவரின் வாயிலிருந்தும் இதுவே வெளிப்படுகின்றது என்பதுதான் கவலைக்குரியது. ‘விளையாட்டுத்தானே’ என்பர் சிலர். ‘எல்லோரும் செய்வதுதானே’ என்பர் வேறு சிலர். இன்னுஞ் சற்றுக் கூடுதலாகப் படித்தவரோ, ‘வசதியற்றவன் வசதியுள்ளவனை வெல்வதற்கு வேறு வழி யாது?’ என வினவி, அக்களவுக்கு ஒரு தத்துவ முலாமும் பூசிவிடுகின்றனர். முதலிரு கூற்றுகளும் எளிதில் விழக்கூடியவை. மூன்றாவது அத்தகையதன்று.

முதற்கண் இச்செயலிகள் யாது செய்கின்றன என்பதைத் தெளிந்துகொள்ளுதல் வேண்டும். பிரீ ஃபயர், பப்ஜி, கவுண்டர் ஸ்ட்ரைக் முதலிய விளையாட்டுகளில் பலர் ஒரே களத்தில் மோதும்போது, களத்தின் பெருங்கணக்குத் தொலைவிலுள்ள நகரமொன்றின் சேவையகக் கணினியில் இருக்கும். யார் எவ்விடத்தில் நிற்கிறார், எத்திசை நோக்குகிறார் என்பதை அக்கணினி ஒவ்வொருவரின் கருவிக்கும் கணந்தோறும் அறிவித்த வண்ணமிருக்கும். சுவரின் பின்னே பதுங்கியிருப்பவன் மறுகணமே வெளிப்படக்கூடும். வெளிப்பட்ட அக்கணத்திலேயே அவனுருவைத் திரையில் வரைய வேண்டுமாயின், அவன் நிற்குமிடம் எதிராளியின் கருவிக்கு முன்கூட்டியே தெரிந்திருத்தல் அவசியம். ஆகவே கண் அறியாததைக் கருவி அறிந்திருக்கின்றது. ‘வோல்ஹெக்’ எனப்படும் செயலி கருவியின் நினைவகத்துள் புகுந்து இச்செய்தியைக் களவாடித் திரையிலே காட்டிவிடும்; கற்சுவர் கண்ணாடியாகிவிடும். ‘எய்ம்பொட்’ என்பது இதனினும் ஒருபடி மேலானது. எதிரியின் தலைக்கு நேராகக் குறியை அதுவே இழுத்துச் சென்று நிறுத்தும். ஆடுபவன் விரலை அழுத்தினாற் போதும். ஐயத்துக்கு இடமளியாதிருக்கும் பொருட்டு, மனிதனைப் போல இடையிடையே வேண்டுமென்றே குறிதவறும்படி அமைக்கப்பட்ட எய்ம்பொட்டுகளும் உள. தவறுவதைக்கூடப் பொறியிடமே ஒப்படைத்துவிட்ட பின்னர் ஆடுபவனுக்கென்று எஞ்சுவது யாதென்பது விளங்கவில்லை.

இதனைச் சாமர்த்தியம் என்பார், அச்சாமர்த்தியம் எவருடையது என்பதைச் சிந்தித்தாரில்லை. நினைவகத்தின் அமைப்பை ஆராய்ந்து, காவல் நிரலின் கண்ணில் மண்ணைத் தூவும் வழியைக் கண்டறிபவன் ஒருவனுக்கு அறிவுண்டு என்பதை மறுப்பதற்கில்லை. அவன் எங்கோ இருக்கிறான். மஸ்கெலியாவிலோ கொட்டகலையிலோ அச்செயலியைத் தரவிறக்கிக்கொண்டு, ‘நான் ஹெக் பண்ணினேன்’ என்று மார்தட்டும் இளைஞன் செய்தது கொள்வனவு மாத்திரமே. பரீட்சை வினாத்தாளை விலைக்கு வாங்கியவன் தன்னைப் பேராசிரியன் என்று கூறிக்கொள்ளுதற்கு இஃது ஒப்பாகும். இக்கொள்வனவின் மறுமுனையில் இருப்பது பெருவணிகம். 2021ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சீனாவின் குன்ஷான் நகரப் பொலிசார், டென்சென்ட் நிறுவனத்தின் துணையுடன், கள்ளச் செயலி விற்ற கும்பலொன்றைப் பிடித்தபோது பத்துப்பேர் கைதாயினர்; சுமார் 4 கோடியே 60 இலட்சம் அமெரிக்க டொலர் பெறுமதியான சொத்துகள் கைப்பற்றப்பட்டன; அவற்றுள் ஆடம்பரக் கார்களும் அடங்கும். தென்கொரியாவோ 2016இலேயே சட்டத்தைத் திருத்தி, இத்தகைய செயலிகளை ஆக்குவோரும் பரப்புவோரும் ஐந்தாண்டு வரை சிறை செல்ல நேரிடும் என விதித்தது. எளியவனின் ஆயுதம் என்று இங்கு போற்றப்படும் பொருளின் உற்பத்தியாளர் எத்தகையோர் என்பதற்கு இவை போதும்.

இலவசமாகக் கிடைப்பனவற்றின் நிலை இதனினும் இழிவானது. முன்பின் அறியாத ஒருவன் தரும் செயலிக்குத் தொலைபேசியின் சகல அனுமதிகளையும் திறந்துவிடுபவன், வீட்டின் திறப்பை வழிப்போக்கனிடம் கொடுத்தவனாவான். விளையாட்டுக் கணக்கு பறிபோவது அதிற் சிறு நட்டம். கடவுச்சொற்களும் வங்கிக் குறுஞ்செய்திகளும் அதே கருவியில்தான் உள்ளன. இவ்விடத்து மறந்துவிடலாகாத ஒன்றுண்டு. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, இணையவழிக் கல்விக்கென்றே பல லயங்களுக்குள் முதன்முறையாக இத்தகைய தொலைபேசி வந்து சேர்ந்தது. அக்காலத்தில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாய். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாயாகவும், 2024இல் 1350 ரூபாயாகவும் உயர்ந்தது. கடனுக்கும் தவணைக்கும் ஒரு தாய் வாங்கித் தந்த கருவி அது. அதனைக் கள்வனுக்குத் திறந்துவிடும் மகனின் செயலைச் சாமர்த்தியம் என்று வருணிக்கத் தமிழில் இதுவரை எவரும் துணிந்ததில்லை.

‘விளையாட்டுத்தானே’ என்பாரை நோக்குவோம். விளையாட்டு என்பது விதிகளாலன்றி வேறெதனாலும் ஆனதன்று. உணவில் கலப்படம் செய்தாலும் உணவென்று ஏதோ எஞ்சும். விளையாட்டில் விதியை நீக்கின் எஞ்சுவது ஒன்றுமில்லை. தோட்டத்து மைதானத்தில் தைப்பொங்கலையொட்டி நடைபெறும் கிரிக்கெட் ஆட்டத்திலே, பந்து தேயிலை மலைக்குள் விழுந்தால் எத்தனை ஓட்டம் என்று ஆட்டந் தொடங்குமுன் பேசித் தீர்த்துக்கொள்கின்றனர். அவ்வாறு தீர்த்துக்கொண்டதை எவனாவது மீறினால் மட்டை பறிக்கப்படும். துடுப்புக்குப் பதில் தொடுதிரை வந்தவுடன் இவ்வறிவு எங்கே போயிற்று?

விளையாட்டென்பது இன்று பொழுதுபோக்கு மட்டுமாகவும் இல்லை. 2023இல் ஹாங்சோவில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டு விழாவில் பப்ஜி உள்ளிட்ட மின்விளையாட்டுகளுக்குப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. அதற்கு ஐந்தாண்டுகள் முன், 2018 ஒக்டோபரில், ஷாங்காய் நகரில் நடைபெற்ற கவுண்டர் ஸ்ட்ரைக் ஆசியப் போட்டியில் நிகழ்ந்ததை இங்கே நினைவூட்டுதல் பொருந்தும். ஒப்டிக் இந்தியா என்னும் அணியைச் சேர்ந்த, ‘போர்சேக்கன்’ என்ற பெயரில் ஆடிய இளைஞர், ஆட்டத்தின் நடுவிலேயே ஐயத்துக்குள்ளானார். நடுவர் அவரது கணினியைப் பார்வையிட வந்தபோது, சாதாரண எழுத்துப்பணி நிரல் ஒன்றின் பெயரில் மறைத்து வைக்கப்பட்டிருந்த எய்ம்பொட் அகப்பட்டது. அவர் அதனை அவசரமாக அழிக்க முயன்ற காட்சி உலகெங்கும் பரவிற்று. ஐந்தாண்டுத் தடை அவருக்குக் கிட்டியது; அது நீதி. அவருடன் ஆடிய நால்வருக்குக் கிட்டியது யாது? அணியே கலைக்கப்பட்டது. குறுக்குவழி நாடாத அந்நால்வரும் வேலையிழந்தனர். இந்தியாவிலிருந்து வரும் ஆட்டக்காரர் எவராயினும் அதன்பின் சில காலம் நகைப்புக்கிடமாயினர். ‘எல்லோரும் செய்வதுதானே’ என்ற கூற்று எல்லோரையும் கள்வராக எண்ணும்படி பிறரைத் தூண்டுகின்றதேயன்றி வேறொன்றும் செய்வதில்லை.

இனி, மூன்றாவது கூற்று. மலையகத்தில் தொடர்பு வலுக்குறைவு என்பது மெய். மலைச்சரிவின் ஒருபுறத்து லயத்தில் சமிக்ஞை கிடைக்கும். மறுபுறத்தில் தொலைபேசி வெறும் கண்ணாடித் துண்டாகும். மழைக்காலத்து நிலைமையைக் கூறவே வேண்டுவதில்லை. துப்பாக்கி விளையாட்டிலோ நொடியின் பத்திலொரு பங்கும் உயிருக்கும் சாவுக்குமிடையிலான தூரமாகும். கொழும்பில் கண்ணாடியிழை இணைப்பில் அமர்ந்திருப்பவனின் குண்டு சேவையகத்தை அடைந்து கணக்கில் ஏறிவிட்ட பின்னரே, பொகவந்தலாவையில் இருப்பவனுக்கு அவன் உருவம் திரையில் தெரிகின்றது. சுவரின் பின்னே முற்றாக மறைந்துவிட்டதாக எண்ணியவன் வீழ்ந்து கிடப்பான். விலைகுறைந்த தொலைபேசி சூடேறித் திணறுவது இதற்கு மேலதிகம். களம் சமமன்று என்று அவன் முறையிடின் அம்முறைப்பாடு நியாயமானதே. இதனை மறுப்பவர் மலைநாட்டுத் தொலைபேசியில் ஒருநாளும் ஆடியறியாதவர்.

ஆயின் அவ்வநியாயத்துக்குக் கள்ளச் செயலி எவ்வகையில் பரிகாரமாகும்? அது கொழும்புக்காரனைத் தேடிப்பிடித்துத் தண்டிப்பதில்லை. எதிரே வருபவன் எவனாயினும் அவன் தலையையே அது தேடும். அவன் அடுத்த லயத்துப் பையனாக இருக்கலாம். அதே விட்டுவிட்டு வரும் சமிக்ஞையோடு, அதே கீறல் விழுந்த திரையோடு, கூரை வழியே ஒழுகும் நீருக்கு ஒதுங்கியிருந்து ஆடுபவனாக இருக்கலாம். நிறுவனத்துக்கோ நட்டமில்லை. வசதியுள்ளவனும் அதே செயலியை இன்னும் உயர்ந்த விலைக்கு, இன்னும் நுட்பமான வடிவில் வாங்கிக்கொள்வான். களவுச் சந்தையிலும் பணமுள்ளவனே முன்வரிசையில் நிற்கிறான். இறுதியில் முற்றாகத் தோற்பவன் ஒருவனே: கருவியும் இல்லாத, தொடர்பும் இல்லாத, களவும் செய்யாத மலையகத்துப் பையன்.

பொய்க்கணக்கு இன்னதென்று மலையக மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. கங்காணியின் கடன் பேரேட்டையும், 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை தொழிலாளியைக் கட்டிவைத்திருந்த துண்டுமுறையையும் கண்டவர்கள் அவர்கள். இன்றும் கொழுந்து நிறுக்குமிடத்திலே, சாக்கின் எடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் ஒவ்வொரு நிறுவையிலும் கிலோக் கணக்கிற் கழிக்கப்படுவது தோட்டந்தோறும் கேட்கும் முறைப்பாடு. 18 கிலோ, 20 கிலோ என்று விதிக்கப்பட்ட அளவை எட்டாதவளுக்கு அரைப்பேர். பறித்தது அவள் கை; எடை சொல்வது பிறர் கையிலுள்ள தராசு. மலையிலே அவள் ஓடியோடிப் பறித்த திறமை முழுவதையும் தராசின் முள் ஒரு நொடியில் இல்லாமற் செய்துவிடுகின்றது. எய்ம்பொட்டுக்கும் அத்தராசுக்கும் தன்மையில் வேறுபாடு யாது? இரண்டும் உழைத்த கையின் கணக்கை அது அறியாதவாறு திருத்துகின்றன. தராசை வைத்திருப்பவனும் தன்னைக் கள்வன் என்று ஒருபோதும் கூறியதில்லை. ‘ஈரம்’ என்றே கூறுவான். தாயின் கொழுந்துக்கு நீதி கேட்டு ஊர்வலம் போகும் மாணவன், மாலையில் விடுதிக்குத் திரும்பி வோல்ஹெக்கை இயக்குவானாயின், அவன் தராசை வெறுக்கவில்லை. தராசு தன் கைக்கு வராததையே வெறுத்திருக்கிறான்.

பல்கலைக்கழகத்தாருக்கு இன்னும் அண்மையான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மருத்துவம், பொறியியல் முதலிய துறைகளுக்கான அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுவது யாவரும் அறிந்ததே. நுவரெலியா பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. வசதிமிக்க பிற மாவட்டங்களில் படித்த மாணவர் சிலர், நுவரெலியா மாவட்டப் பாடசாலைகளில் பெயரளவில் பதிந்து பரீட்சை எழுதி, தோட்டத்துப் பிள்ளைக்குரிய இடத்தைக் கொண்டுபோகின்றனர் என்ற முறைப்பாடு பல ஆண்டுகளாக எழுந்து வருவதும் யாவரும் அறிந்ததே. இணைய விளையாட்டிலும் இதற்கு இணையானதொன்று உண்டு. தேர்ந்த ஆட்டக்காரன் புதிய கணக்கொன்றைத் திறந்து, கற்றுக்குட்டிகளின் களத்தில் இறங்கி அவர்களை வேட்டையாடுவான். கோட்டா விடயத்தில் கொதித்தெழுவோர் இவ்விடத்தில் மாத்திரம் புன்னகை புரிவதன் காரணம் புலப்படவில்லை. பதிவேட்டிலே செய்யும் களவு பெரிது, திரையிலே செய்யும் களவு சிறிது என்று கூறலாம். பெரிது சிறிது என்பது ஒப்புக்கொள்ளத்தக்கதே. ஆனால் முன்னதைச் செய்யத் துணிந்தவரும் ‘வசதியற்ற எமக்கு வேறு வழி யாது’ என்று கேட்கும் வாய்ப்பு உள்ளதை மறத்தலாகாது.

நிறுவனங்களை இவ்விடத்தே வாழ்த்துவதற்கும் யாதுமில்லை. ‘டயமண்ட்’ என்றும், திறந்து பார்த்தாலன்றி உள்ளிருப்பது தெரியாத பெட்டிகள் என்றும் விற்று, சிறுவரின் ரீலோட் காசைக் கறப்பதில் காட்டும் ஊக்கத்தில் பாதியையேனும் களத்தைக் காப்பதில் அவை காட்டின் நன்று. இலவச விளையாட்டில் கணக்கொன்றைத் தடைசெய்வதால் என்ன பயன்? சில நிமிடங்களில் மறு கணக்குப் பிறந்துவிடும். வால்வ் நிறுவனம் 2002இலேயே தன் காவல் நிரலைக் கொண்டுவந்தது. 2020இல் வெளிவந்த வலோரன்ற் விளையாட்டின் காவல் நிரலோ கணினி விழிக்கும்போதே தானும் விழித்து அதன் அடித்தளத்திலேயே அமர்ந்துகொள்கின்றது. கள்வர் சிலருக்காக ஆடுவோர் அனைவரும் தம் கணினியின் உள்ளறையை அந்நியக் காவலாளிக்கு ஒப்புவிக்க நேர்ந்தது. (இதுவும் கள்ளச் செயலியின் கொடைகளுள் ஒன்று, அதன் புகழ்பாடிகள் இதனைச் சேர்த்துப் பாடுவதில்லை.) அதே விளையாட்டு, எதிரி கண்ணிற் படும் தறுவாய் வரை அவன் இருக்குமிடத்தைக் கருவிக்கு அனுப்பாமலே தடுத்து வைக்கும் முறையையும் கையாள்கின்றது. இதுவே நேர்வழி. திருடுவதற்குப் பொருளே இல்லையாயின் திருடன் வந்து என்ன செய்வான்?

மலையக நகரங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் மின்விளையாட்டுப் போட்டிகளை ஒழுங்குசெய்வோர் நிறுவனங்களின் தயவுக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. இறுதிச் சுற்றுகளையேனும் ஒரே மண்டபத்தில், ஒரே இணைப்பில், முன்னரே பரிசோதிக்கப்பட்ட கருவிகளில் நடத்தலாம். அவ்வாறு நடத்தின் பொகவந்தலாவைப் பையனுக்கும் கொழும்புப் பையனுக்கும் ஒரே சமிக்ஞை கிட்டும். களம் சமமன்று என்ற நியாயமான முறைப்பாட்டுக்கும் அதுவே மறுமொழியாகும். தம்மிடம் கருவி இல்லாதவருக்கு அமைப்பாளரே கருவி வழங்கலாம். ஒவ்வோர் ஆட்டத்தையும் பதிவுசெய்து, ஐயம் எழுப்பிய எவரும் பார்வையிட வைக்கலாம். அகப்பட்டவரின் அணித்தோழரை விசாரித்து, குற்றமற்றவராயின் அவர்களை வேறோர் அணியில் ஆட அனுமதிக்கலாம். ஷாங்காயில் நால்வருக்கு மறுக்கப்பட்டது அது. இவற்றுக்குப் பெரும்பொருட் செலவில்லை. இதுவரை இவை செய்யப்படாத இடங்களில், செய்யாதிருந்தோர் பரிசுக் கேடயத்தைக் கையளிக்கும்போது அதனை எவரிடம் கையளிக்கிறார்கள் என்பதைத் தாமே அறியார்.