கல்பாசி கற்பிக்கும் பாடம்



திருநாள்களில் நம் இல்லங்களில் பிரியாணியும் கறிக்குழம்பும் மணக்கும்போது, பட்டை கிராம்போடு சருகு போன்ற கருஞ்சாம்பல் நிறப் பொருளொன்றும் சட்டியில் விழுகின்றது. கல்பாசி என்று அதனை அழைக்கின்றோம். குளிர்ந்த மலைப்பகுதிகளில் பாறைகளிலும் மரப்பட்டைகளிலும் படர்ந்து வளர்வது அது. பெயரில் பாசி இருப்பினும் அது வெறும் பாசியன்று, செடியுமன்று. லைக்கன் என்று நம் பிள்ளைகள் பாடநூலில் படிக்கும் இனத்தைச் சேர்ந்தது. இவ்வினத்தைக் காண மலையேற வேண்டியதில்லை. சமவெளியில் நிற்கும் மாமரத்தின் அடியிலும், சுண்ணாம்பு தெளித்தாற்போல் தோன்றும் வெண்சாம்பல் திட்டுகளிற் பல லைக்கன்களே.

நெடுங்காலம் இதனை ஒற்றை உயிரென்றே அறிஞர் எண்ணியிருந்தனர். 1867-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டுத் தாவரவியலார் சைமன் ஷ்வெண்டனர், இது பூஞ்சையும் பாசியும் சேர்ந்த ஈருடல் வாழ்வு என்றார். அக்காலத்து லைக்கன் வல்லுநர் பலர் அதனை ஏற்க மறுத்தனர். பூஞ்சை இல்லம் அமைக்கின்றது. ஈரத்தைப் பிடித்து வைக்கின்றது. கடும் வெயிலினின்று காக்கின்றது. பாசியோ கதிரவன் ஒளியைக் கொண்டு சர்க்கரை சமைத்துப் பூஞ்சைக்கும் ஊட்டுகின்றது. இவ்வாறு, தனித்தனியே இரண்டும் பிழைக்க இயலாத வெறும் பாறையிலும் இணைந்து வாழ்கின்றன. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் அளவே வளர்ந்தாலும், பல இனங்கள் நூற்றாண்டுகள் நிலைத்திருக்கின்றன.

இவ்வுறவை ஷ்வெண்டனர் எசமானன்-அடிமை உறவாகவே கண்டார்: பூஞ்சை எசமானன், பாசி அடிமை. வெளித்தோற்றமும் அவர் கூற்றுக்கு இசைவாகவே இருக்கின்றது. உடலின் பெரும்பகுதி பூஞ்சையே. பாசி உள்ளே மெல்லிய அடுக்காக மறைந்து கிடக்கின்றது. ஆயினும் யாருக்கு யார் தேவை என்று ஆராய்ந்தால் கணக்கு மாறுகின்றது. லைக்கனில் வாழும் பாசிகளுட் பல, பூஞ்சையின்றியும் வெளியில் வாழக்கூடியவை. பூஞ்சையோ பாசியின்றி இயற்கையில் வாழ்வது மிக அரிது. அடைக்கலம் தருவதாகத் தோன்றும் பூஞ்சையே மற்றதை அதிகம் சார்ந்து நிற்கின்றது!

இதனை நம் கும்மிடிப்பூண்டிக்குப் பொருத்திப் பார்ப்போம். சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்பு ஆலைகளில் உலையருகே நிற்போர் யார்? ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அஸ்ஸாம் என்று தொலைவினின்று வந்த சகோதரர்கள் பலர். ‘நாம் வேலை தந்தோம், வாடகைக்கு அறை தந்தோம், நம்மால் பிழைக்கின்றார்கள்’ என்பது திண்ணைப் பேச்சு. 2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் அவர்கள் இரயிலேறித் தம் ஊர்களுக்குப் புறப்பட்டபோது நேர்ந்ததை மறந்துவிட்டோமா? ஆலைகளைத் திறக்க அனுமதி வந்த பின்னும் ஆளின்றித் தவித்த முதலாளிகள் எத்தனை பேர்! பூட்டிய அறைகளைப் பார்த்துப் பெருமூச்செறிந்த வீட்டுக்காரர்கள் எத்தனை பேர்! யார் யாரால் பிழைத்தனர்?

லைக்கனுக்கு வேரில்லை. காற்றிலும் மழையிலும் வருவதனைத்தையும் உடல் முழுவதாலும் உறிஞ்சிக்கொள்கின்றது. நஞ்சை வடிகட்ட அதற்கு வழியில்லை. கந்தகப் புகை மிகுந்தால் முதலில் நலிவது பாசியே. பின்னர் கூட்டுறவே குலைகின்றது. பாரிஸ் மாநகரின் காற்றுக் கெடுவதை 1866-இலேயே லைக்கன்களைக் கொண்டு சுட்டிக்காட்டினார் நைலாண்டர் என்னும் அறிஞர்.

புகையால் மட்டுமா காற்று நஞ்சாகின்றது? 2023 மார்ச் மாதத்தில், தமிழகத்தில் வடமாநிலத்தார் தாக்கப்படுகின்றனர் என்று பொய்யான படக்காட்சிகள் பரவின. பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே இங்கு அனுப்பிற்று. அஞ்சி ஊருக்குப் புறப்பட்டோரும் உண்டு. பொய்யைப் பரப்பியோர் சிலரே. ஆனால் அப்பொய் வேர்கொள்ள இடமளித்தது எது? ‘வடக்கன்’ என்று நாம் நாள்தோறும் இகழ்ந்து கூறும் சொல்லும் அந்நஞ்சில் ஒரு துளியன்றோ?

ஒன்றை மறவாதிருப்போம். பூஞ்சை பாசியிடம் சம்மதம் கேட்பதில்லை. நியாயமான கூலி இதுவென்று சிந்திப்பதுமில்லை. இறைச்சாயலாகப் படைக்கப்பட்ட மனிதருக்கோ நீதி என்னும் கடமை உண்டு. முதலீடும் உழைப்பும் ஒன்றின்றி ஒன்று இயங்காது என்பதை 1891-இல் தம் தொழிலாளர் சுற்றுமடலில் போதித்த திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர், உழைப்பவன் வாழப் போதுமான ஊதியத்தை வலியுறுத்தினார். உடலின் வலுவற்ற உறுப்பே மிகத் தேவையானது என்று புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதியதும் இதுவே.

ஆகவே, கிறிஸ்தவக் குடும்பங்களே, வாடகைக்கு விடும் அறையில் காற்றும் குடிநீரும் உண்டா என்று நீங்களே ஒருமுறை சென்று பாருங்கள். ஓர் அறையில் பத்துப் பேரை அடைத்துத் தலைக்கு இவ்வளவு என்று பணம் பெறுவது பாவமென்று உணருங்கள். ஆலையில் மேற்பார்வை செய்வோர், கையுறையும் காலணியுமின்றி எவரையும் உலையருகே அனுப்பாதிருங்கள். ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் மொழி புரியாமல் நிற்கும் ஒடிசா, ஜார்க்கண்ட் இளைஞர்களும் ஞானஸ்நானம் பெற்ற நம் சகோதரரே. அவர்கள் பெயரைக் கேட்டறியுங்கள். கிறிஸ்மஸ் அன்று ஒருவரையேனும் உங்கள் பந்திக்கு அழையுங்கள். அன்று சட்டியில் கல்பாசி விழும்போது, அதன் கதையையும் பிள்ளைகளுக்குக் கூறுங்கள்.