ஆணி அடித்த கவிதைகள்

சமீபத்தில் வந்த மொழிபெயர்ப்புக் கவிதைகள் பத்துப் பதினைந்தைச் சேர்த்துவைத்துப் படித்தேன். கவிஞர்கள் வேறு, தேசங்கள் வேறு, மொழிபெயர்த்தவர்களும் வேறு. எல்லோருக்கும் பொதுவாக இருந்தது 'மற்றும்' என்ற ஒரு சொல்தான். 'மழை மற்றும் ஞாபகம்', 'அவள் சிரித்தாள் மற்றும் கதவை மூடினாள்' என்கிற ரீதியில். இப்போது நேராகத் தமிழில் எழுதும் நண்பர்களும் இதை ஆரம்பித்துவிட்டார்கள். இதை நடை பற்றிய சில்லறை விஷயம் என்று ஒதுக்க முடியாது. யோசிக்க மறுப்பதன் அடையாளம் இது.

ஆங்கில 'அண்ட்' ஒன்றும் அவ்வளவு சாதுவான சொல் அல்ல. பழைய ஆங்கிலத்திலிருந்தே வருவது. ஜெர்மானிய 'உண்ட்' அதற்கு உறவு. மத்தியகால ஆங்கிலத்தில் 'எனில்' என்ற நிபந்தனைப் பொருளும் அதற்கு இருந்தது. ஷேக்ஸ்பியரின் பாத்திரங்கள் 'ஆன்' என்று தேய்ந்த வடிவில் அப்படிப் பேசுகின்றன. 1611ம் ஆண்டு பைபிளில் வாக்கியத்துக்கு வாக்கியம் 'அண்ட்' வருகிறதென்றால், அது ஹீப்ரு மொழியின் 'வ' என்ற முன்னொட்டின் நிழல். அந்த 'வ' தனியே நிற்காது. அடுத்த சொல்லோடு ஒட்டித்தான் வரும். இடத்துக்குத் தக்கபடி 'பிறகு' ஆகும், 'ஆனால்' ஆகும், 'ஆகவே' ஆகும். இத்தனையையும் நம் மொழிபெயர்ப்பாளர் ஒரே ஆணியால் அறைந்துவிட்டுப் போகிறார்.

தமிழில் இதற்கு வறுமையா? 'உம்' ஒன்றுக்கே தொல்காப்பியம் எட்டுப் பொருள் சொல்கிறது. எண்ணுவது அதில் ஒன்றுதான். 'மழையும் ஞாபகமும்' என்றால் இரண்டும் சமம். ஒவ்வொன்றும் தன் உம்மைத் தானே சுமக்கிறது. 'மழை, ஞாபகம்' என்று செவ்வெண்ணாக வைத்தால் வேறு அனுபவம். வினைகளுக்கோ எச்சம் இருக்கிறது. சிரித்துக் கதவை மூடினாளா, சிரித்தபடி மூடினாளா, சிரித்துவிட்டு மூடினாளா? தீர்மானிக்க வேண்டுமானால் மூலக் கவிதைக்குள் போயாக வேண்டும். அந்தச் சிரமத்திலிருந்து விடுதலை தருவதுதான் 'மற்றும்'.

தொல்காப்பியத்திலேயே 'மற்று' இருக்கிறதே என்று ஒரு நண்பர் கேட்டார். இருக்கிறது. அங்கே அது வினைமாற்று, இல்லையேல் அசைநிலை. இரண்டு பெயர்களுக்கு நடுவே நிற்கிற வேலையை அதற்குக் கொடுத்தது இலக்கணம் அல்ல, ஆங்கிலக் கோப்பைத் தமிழாக்கும் அவசரம். மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை என்று அரசாங்கம் பலகை வைக்கிறது. அதே அரசாங்கத்தின் இந்து சமய அறநிலையத் துறைக்கு ஆங்கிலப் பெயரில் 'அண்ட்' உண்டு, தமிழில் இல்லை. ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை.

நான் வங்கிக் குமாஸ்தா. காசோலையின் குறுக்கே இரண்டு கோடு போட்டு நடுவில் 'அண்ட் கம்பெனி' என்று எழுதுவதை 1881ம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டம் அங்கீகரிக்கிறது. அந்தக் கம்பெனி யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. எதையும் இணைக்காமலே அங்கே ஒரு 'அண்ட்' வேலை பார்க்கிறது. ஆவணத்துக்கு அது போதும். கவிதைக்கு?

அருவங்காட்டில் என் கவுன்ட்டருக்கு எதிரே நின்று ஓர் அம்மாள் சொன்னார்: 'இலை பறிச்சு, எடை போட்டு, காசு வாங்கி, கடனைக் கட்ட வந்திருக்கேன் தம்பி.' ஒன்றின் கழுத்தை அடுத்தது பிடித்துக்கொண்டு நிற்கிறது. நடுவில் ஒன்றை உருவினால் கடன் அடையாது. ஒரு வாரத்து உழைப்பின் வரிசை அந்த எச்சங்களில் இருக்கிறது. அவர் பறித்தார் மற்றும் எடை போட்டார் மற்றும் வாங்கினார் என்று நாம் எழுதினால் உழைப்பு போய்விடும், பட்டியல் மிஞ்சும்.

அடுத்த இதழுக்குக் கவிதை அனுப்புகிறவர்கள் முதலில் தங்கள் 'மற்றும்'களை அடித்துவிட்டுப் பார்க்கட்டும். வரிகள் அப்புறமும் சேர்ந்து நின்றால் சரி. உதிர்ந்துபோனால், அவை என்றைக்குமே சேர்ந்திருக்கவில்லை என்றுதான் அர்த்தம்.