5 ரூபாய் நாணயத்துக்கு 10 லட்சமா? ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் சில்லறையில் உண்மையிலேயே என்ன தேறும்?

வைஷ்ணோ தேவி படம் போட்ட 5 ரூபாய் நாணயம் இருந்தால் 10 லட்சம். டிராக்டர் படம் போட்ட பழைய 5 ரூபாய் நோட்டு இருந்தால் 5 லட்சம். 786 என்று முடியும் நோட்டு இருந்தால் சொல்லவே வேண்டாம். இப்படி ஒரு வீடியோவாவது உங்கள் செல்போனுக்கு வந்திருக்கும். பொருள் மாறும், தொகை மாறும்; கடைசியில் ஒரு வாட்ஸ்அப் எண் வருவது மட்டும் மாறாது.

சென்னையின் மேற்குப் புறநகரில் சில்லறைக்குப் பஞ்சமில்லை. அம்பத்தூர் ஓ.டி.யில் பஸ் ஏறினாலும், ஆவடி மார்க்கெட்டில் காய்கறி வாங்கினாலும், பூந்தமல்லியில் ஷேர் ஆட்டோவில் இறங்கினாலும் கையில் நாலு நாணயம் மிஞ்சும். அதில் ஒன்று அதிர்ஷ்டக் காசாக இருக்கக் கூடாதா என்ற ஆசை இயல்பானதுதான். அந்த ஆசையைத்தான் ஒரு கும்பல் காசாக்குகிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 10 ரூபாய் நாணயத்தை நீட்டினால் "இது செல்லாதுங்க, நோட்டா குடுங்க" என்று சொன்ன கடைகள் நம்ம ஊரில் எத்தனை? 14 வடிவங்களில் 10 ரூபாய் நாணயம் வெளிவந்திருக்கிறது, அத்தனையும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரி 17-ம் தேதியே விளக்கம் கொடுத்துவிட்டது. அப்படியும் தயக்கம் போகவில்லை. 2022-ல் தருமபுரி மாவட்டத்து இளைஞர் ஒருவர் 10 ரூபாய் நாணயங்களாகவே சேர்த்து, சுமார் 6 லட்சம் ரூபாய் கொடுத்துக் கார் வாங்கியது செய்தியானதே இதனால்தான். 10 ரூபாய் மதிப்புள்ள காசை 10 ரூபாய்க்கு வாங்க மாட்டோம். 5 ரூபாய் காசுக்கு யாரோ 10 லட்சம் தருவார் என்றால் நம்பிவிடுகிறோம்!

மோசடி எப்படி நடக்கிறது?

முதலில் நாணயத்தின் இரு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வார்கள். கொஞ்ச நேரத்தில் "உங்க காயின் செலக்ட் ஆயிடுச்சு சார்" என்று பதில் வரும். கூடவே ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட ஒரு சான்றிதழ், ஒரு அடையாள அட்டை, சில நேரம் கட்டுக்கட்டாகப் பணம் அடுக்கிய வீடியோ. அதன் பிறகுதான் விஷயத்துக்கு வருவார்கள். பதிவுக் கட்டணமாகச் சில நூறு ரூபாய் கேட்பார்கள். இவ்வளவுதானே என்று அனுப்புவோம். அடுத்து ஜிஎஸ்டி, அடுத்து வருமான வரி, அடுத்து பணம் கொண்டு வரும் வண்டி வழியில் மாட்டிக்கொண்டது என்று தொகை ஏறிக்கொண்டே போகும். ஏற்கெனவே கொடுத்தது போய்விடுமே என்ற பயத்தில்தான் ஆள் மேலும் மேலும் கொடுக்கிறார். இந்தக் கும்பலுக்கு உங்கள் நாணயம் தேவையே இல்லை. கடைசி வரை அது உங்கள் பீரோவிலேயேதான் இருக்கும்.

இதைக் குறித்து ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 4-ம் தேதி வெளிப்படையாகவே எச்சரித்தது. பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கும் வேலையில் நாங்கள் இல்லை, அதற்காக யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, எங்கள் சார்பில் வசூலிக்க எந்த நிறுவனத்துக்கும் தனிநபருக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்பதுதான் அதன் சாரம்.

ஆக, சோதித்துப் பார்க்க ஒரே ஒரு கேள்வி போதும். பணம் எந்தப் பக்கம் போகிறது? பொருளை விற்பவர் நீங்கள். அப்படியானால் பணம் உங்களுக்கு வர வேண்டும். விற்பவரையே முதலில் கட்டச் சொன்னால் அங்கேயே போனை வைத்துவிடலாம். பணம் வாங்குவதற்காக க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி, யுபிஐ பின் போடச் சொன்னாலும் இதே கதைதான். பின் போட்டால் பணம் போகும், வராது.

சரி, நம்ம சில்லறையில் எதுவுமே தேறாதா?

தேறும். ஆனால் லட்சத்தில் இல்லை.

வைஷ்ணோ தேவி நாணயத்தையே எடுத்துக்கொள்வோம். கோயில் வாரியத்தின் வெள்ளி விழாவுக்காக 2012-ல் 5 ரூபாய், 10 ரூபாய் மதிப்பில் புழக்கத்துக்கே விடப்பட்டவை இவை. புத்தம் புதிதாக, கீறல் இல்லாமல் இருந்தால் சேகரிப்பவர்கள் கூடுதலாகச் சில பத்து ரூபாய் தரலாம். தஞ்சாவூரில் நடந்த 8-வது உலகத் தமிழ் மாநாட்டுக்காக 1995-ல் வந்த திருவள்ளுவர் நாணயம், 2003-ல் வந்த காமராஜர் 5 ரூபாய், தமிழில் அண்ணாவின் கையெழுத்தோடு 2009-ல் வந்த 5 ரூபாய் ஆகியவையும் இப்படித்தான். பிள்ளைகளுக்காக எடுத்து வைக்க அருமையான காசுகள். விற்று வீடு வாங்க முடியாது. கலைஞர் நூற்றாண்டுக்காக 2024 ஆகஸ்டில் வெளியான 100 ரூபாய் நாணயம் வேறு ரகம். அது புழக்கத்துக்கு வரவே இல்லை, கண்டக்டர் மீதியாகத் தர வாய்ப்பில்லை.

அபூர்வத்தை முடிவு செய்வது படம் அல்ல, எண்ணிக்கை. பிரிட்டனில் 2009-ல் கியூ தோட்டத்துக்காக அடிக்கப்பட்ட 50 பென்ஸ் நாணயம் வெறும் 2,10,000 தான். அதனால்தான் அங்கே சில்லறையில் அது கிடைத்தவர்கள் 100 பவுண்டுக்கு மேல் விற்க முடிகிறது. அதுவும் முகமதிப்பைப்போல் சில நூறு மடங்குதான். லட்சம் மடங்கு அல்ல.

நம்ம நாணயத்தில் ஆண்டுக்குக் கீழே பாருங்கள். டைமண்ட் குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா, எதுவுமே இல்லையென்றால் கொல்கத்தா. ஒரே ஆண்டில் ஓர் ஆலையில் ஏராளமாகவும், இன்னொன்றில் கொஞ்சமாகவும் அடித்திருப்பார்கள். சேகரிப்பவர்கள் தேடுவது அந்தக் கொஞ்சத்தை. 1985-ம் ஆண்டு 1 ரூபாயில் 'எச்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது இங்கிலாந்தின் பர்மிங்காமில் அடித்தது. இதையும் அபூர்வம் என்று பரப்புகிறார்கள். அன்றைய தட்டுப்பாட்டுக்காக மொத்தமாக வரவழைத்த காசு அது, வெளிநாட்டுக் குறி இருப்பதாலேயே விலை கூடிவிடாது.

ஓரளவு நல்ல விலை போவது பிழை நாணயங்கள். அச்சு விலகிப் படம் ஓரமாக விழுந்தது, ஒரு பக்கத்துப் படமே மறுபக்கம் குழியாகப் பதிந்தது, 10 ரூபாயின் நடுவட்டம் நகர்ந்தது போன்றவை. சில்லறையில் தேடுவதாக இருந்தால் இதைத் தேடலாம். பட்டறையில் வெட்டி, தேய்த்து, அடித்துப் பிழை மாதிரி ஆக்கியவையும் சந்தையில் உண்டு என்பதால் வாங்குபவர் உன்னிப்பாகத்தான் பார்ப்பார்.

பாட்டியின் பெட்டி

உண்மையான மதிப்பு பர்ஸைவிடப் பாட்டியின் டிரங்குப் பெட்டியில் இருக்க வாய்ப்பு அதிகம். விக்டோரியா ராணி, ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட ஒரு ரூபாய் 11.66 கிராம் எடை. அதில் 91.7 சதவீதம் வெள்ளி. அதாவது சுமார் 10.7 கிராம் சுத்த வெள்ளி. அன்றைய வெள்ளி விலையே இதற்கு அடிமட்ட விலை, அதற்குக் கீழே யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். 1940-க்குப் பிறகு வெள்ளி பாதியாகக் குறைந்தது. புலி படம் போட்ட 1947 ரூபாய் வெள்ளியே இல்லை, நிக்கல். ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய் மட்டும் உண்மையிலேயே அபூர்வம். அதனாலேயே போலியும் அதிகம். ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ பொறித்து, கிழக்கிந்தியக் கம்பெனி, 1818 என்று எழுதிய செம்புக் காசை ஒருவர் கோடிக்கு விலை பேசினால் சிரித்துவிட்டு நகருங்கள். கம்பெனி அப்படி ஒரு காசு அடித்ததே இல்லை.

ஒரு முக்கியமான விஷயம். பழைய காசைப் புளி, விபூதி, டூத்பேஸ்ட் போட்டுத் தேய்க்காதீர்கள். பளிச்சென்று ஆகும், சேகரிப்பவர் தரும் விலை பாதியிலேயே நின்றுவிடும். அஸ்திவாரம் தோண்டும்போது காசுக் குடம் கிடைத்தால் அது வேறு சமாச்சாரம். 1878-ம் ஆண்டு புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது எதுவானாலும் கலெக்டருக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

விற்க நினைத்தால் நேரில் போங்கள். ஒரே வியாபாரியோடு நிற்காமல் இரண்டு மூன்று பேரிடம் காட்டுங்கள். நாணயக் கண்காட்சி நடக்கும்போது போனால் ஒரே கூரையின் கீழ் பல பேரிடம் விலை கேட்கலாம். ஆன்லைனில் ஒருவர் போட்டிருக்கும் விலை அவர் கேட்கும் விலை மட்டுமே, விற்ற விலை அல்ல.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்களா? உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணம் கைமாறுவதற்குள் முடக்க அவ்வளவு வாய்ப்பு. மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் பதியலாம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் 2022 ஜனவரி முதல் ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழ் வருவதால், அங்குள்ள சைபர் கிரைம் பிரிவை நேரிலும் அணுகலாம். வாட்ஸ்அப் உரையாடலை அவமானத்தில் அழித்துவிடாதீர்கள், அதுதான் ஆதாரம். பிள்ளைகளுக்குத் தெரிந்தால் திட்டுவார்களே என்று பெரியவர்கள் மறைப்பதால்தான் முதல் சில மணி நேரம் வீணாகிறது. போன பணத்தை மீட்டுத் தருகிறோம், அதற்கு முன்பணம் கட்டுங்கள் என்று சில நாள் கழித்து இன்னொரு அழைப்பு வரலாம். அந்த எண்ணையும் சேர்த்துப் புகாரில் கொடுங்கள்.