மனை விலையும் வாக்குறுதியும்

2025-ஆம் வருஷம் முடிந்தது. பேரேட்டை மூடிப் புதுக் கணக்கு எழுதும் வியாபாரிகளைப் போலவே நிலத் தரகர்களும் சென்ற வருஷத்தை அளந்து, வரும் வருஷத்திற்குப் பலன் கூறுகின்றனர். திருப்பரங்குன்றத்திலிருந்து திருமங்கலம் செல்லும் ரஸ்தாவில், கடைக்கும் கிடங்கிற்கும் உகந்ததென்று சொல்லப்படும் பூமியின் விலை எதன்மேல் நிற்கிறது என்பதை ஆராய்வது நமது கடமையாகும்.

அவ்விலைக்கு இரண்டு காரணங்கள் கூறப்படுகின்றன. முதலாவது, தோப்பூர் எய்ம்ஸ் வைத்தியசாலை. 2015-இல் பிரஸ்தாபிக்கப்பட்டு, 2019 ஜனவரி 27-இல் அஸ்திவாரக் கல் நாட்டப்பட்ட இதற்கு 2024-இலேதான் கட்டிட வேலை ஆரம்பமாயிற்று. அதன் மாணாக்கர்கள் 2022-இல் ராமநாதபுரத்தில் படிப்பைத் தொடங்க நேர்ந்தது. இரண்டாவது, மெட்ரோ ரயில். திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை சுமார் 32 கிலோமீட்டருக்குத் தமிழ்நாட்டு சர்க்கார் அனுப்பிய திட்டத்தை, மதுரைக்கு 20 லக்ஷம் ஜனத்தொகை இல்லையென்று காட்டி மத்திய சர்க்கார் 2025 நவம்பரில் திருப்பி அனுப்பினர். ஆகவே, ஒன்று தாமதித்து எழும்பும் கட்டிடம். மற்றொன்று வெறுங் காகிதம். இரண்டிற்கும் ஒரே விலை கேட்பது எந்த நியாயம்?

தரகுத் தொழிலை நாம் இழிவாகக் கருதவில்லை. வாங்குவோனையும் விற்போனையும் கூட்டிவைப்பது உபயோகமான ஊழியமே. ஆனால், பத்திரம் முடிந்ததும் தரகருக்குக் கூலி கிடைத்துவிடுகிறது. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று நூற்றுக்கு ஒன்பது ரூபாய் செலுத்திக் கடன்பட்டு வாங்கிய சிறு வியாபாரியோ, வாராத ரயிலுக்காக வட்டி கட்டிக் காத்திருக்கிறான். நஷ்டம் முழுவதும் அவனைச் சேர்ந்தது.

இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவுகளைப் பதிவு செய்யாமல் விற்கலாகாதென்றும், அவற்றை விற்றுக்கொடுக்கும் தரகரும் பதிவு பெறவேண்டுமென்றும் 2016-ஆம் வருஷத்திய ரியல் எஸ்டேட் சட்டம் விதிக்கிறது. பொய்யான தகவல் கூறி விற்பதை அதன் 10-ஆவது பிரிவு தடுக்கிறது. வாங்குவோர் பதிவு எண்ணைக் கேட்கட்டும். தரகுக் கூலியை எழுத்தில் வாங்கட்டும். இருப்பது இன்னது, வருமென்பது இன்னது என்று பிரித்துச் சொல்லும்படி வற்புறுத்தட்டும்.

பொதுஜன ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. சர்க்கார்கள் தேதியின்றி வாக்களிப்பதே வதந்திக்கு விதை. வேலை முடியும் தேதியைக் கேட்டு வாங்குங்கள். அது கிடைக்கும்வரை, தரகர் கூறும் வருஷ பலனை ஜோதிடமாகவே மதிக்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.