அறிக்கையை மறைப்பது தவக்குல் ஆகாது



மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்ட ஒருவருக்குச் சில ஆண்டுகள் கழித்து மருத்துவர் எச்சரிக்கை தருகிறார்: செயல்திறன் குறைந்து வருகிறது; இதே வேகத்தில் சென்றால் மீண்டும் டயாலிசிஸ் தேவைப்படலாம். உடனே நம் குடும்பங்களில் எழும் குரல், "நாளை நடப்பதை அல்லாஹ்வே அறிவான், இவர் எப்படிச் சொல்லலாம்?" என்பது. அறிக்கை அலமாரிக்குள் போகிறது. நோயாளியிடம் எல்லாம் நலம் என்று சொல்லப்படுகிறது. இதற்குத் தவக்குல் என்ற பெயரும் சூட்டப்படுகிறது. அந்தப் பெயரை நாம் மறுக்கிறோம்.

மறைவானவற்றின் ஞானம் அல்லாஹ்வுக்கே உரியது. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் மருத்துவர் மறைவானதைப் பேசவில்லை. இரத்தத்தில் உள்ள கிரியேட்டினின், அதிலிருந்து கணக்கிடப்படும் வடிகட்டும் திறன், சிறுநீரில் கசியும் புரதம், புதிய உறுப்புக்கு எதிராக உடலில் உருவாகும் எதிர்ப்பொருள்கள், திசுப் பரிசோதனை ஆகிய கண்முன் உள்ள அடையாளங்களையே அவர் படிக்கிறார். பாரிஸ் ஆய்வாளர்கள் தலைமையில் உருவாகி 2019இல் வெளியான 'ஐபாக்ஸ்' என்னும் கணிப்பு முறை, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 7,557 பேரின் தரவுகளைக் கொண்டு உருவாக்கிச் சரிபார்க்கப்பட்டது. பொருத்தி எவ்வளவு காலமாயிற்று என்பதுடன் மேற்சொன்னவை போன்ற எட்டுக் காரணிகளை வைத்து, 3, 5, 7 ஆண்டுகளில் அந்தச் சிறுநீரகம் நிலைக்கும் வாய்ப்பை அது மதிப்பிடுகிறது. வாய்ப்பு என்றுதான் சொல்கிறது. விதி என்று சொல்லவில்லை. மேகம் கறுப்பதைக் கண்டு முற்றத்து நெல்லை அள்ளுபவரை, மறைவானதை அறிந்ததாக வாதிடுகிறார் என்று யாரேனும் குற்றம் சாட்டுவோமா?

உமர் (ரலி) அவர்கள் ஷாம் நோக்கிச் சென்றபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்து திரும்ப முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்ற கருத்தில் விடையளித்தார்கள். வந்த செய்தியைக் காதில் வாங்கிச் செயல்பட்டதே அவர்களின் தவக்குல்.

கணிப்பைப் புறக்கணிப்பதன் விலை என்ன? தொடக்கத்தில் கண்டறிந்தால் நிராகரிப்புத் தடுப்பு மருந்தின் அளவைத் திருத்தலாம். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுப்படுத்தலாம். சரிவின் வேகத்தைக் குறைக்க வழி பிறக்கலாம். சரிவு தொடர்ந்தாலும், டயாலிசிஸுக்கான ஃபிஸ்டுலாவை முன்கூட்டியே கையில் அமைத்துக்கொள்ளலாம். அது முதிர்ந்து பயன்பட வாரங்கள், சில வேளை மாதங்கள் ஆகும். மற்றொரு மாற்று அறுவைக்கும் ஆயத்தமாகலாம். இவை எதுவுமின்றி மூச்சுத் திணறலோடு நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓடி, கழுத்து நரம்பில் குழாய் செருகித் தொடங்கும் டயாலிசிஸில் நோய்த்தொற்று அபாயம் மிகுதி. மறைத்தவர்கள் தம் அன்புக்குரியவருக்குத் தேடித் தருவது இதைத்தான்.

மனம் உடைந்துவிடும் என்பது அடுத்த வாதம். டயாலிசிஸ் மரணத் தீர்ப்பு அன்று. இதமாகச் சொல்வது கடமை. சொல்லாமல் விடுவது உரிமைப் பறிப்பு. கடனை அடைக்கவும், தொழிலை மாற்றியமைக்கவும், விடுபட்ட நோன்புகளைப் பற்றி ஆலிமிடம் கேட்கவும் அவருக்கு அவகாசம் வேண்டாமா? எல்லாம் நலம் என்று நம்பவைக்கப்பட்டவர் மருந்து வேளையைத் தவறவிட்டால், அந்தப் பழி யாரைச் சேரும்?

இன்னொருவரையும் எண்ணிப் பாருங்கள். எத்தனையோ வீடுகளில் அந்தச் சிறுநீரகம் ஒரு தாயின் உடலிலிருந்தோ, மனைவியின் உடலிலிருந்தோ வந்தது. அது அமானிதம். அமானிதத்தின் நிலையை அறிய மறுப்பவர் அதைப் பேணுபவர் ஆகமாட்டார்.

ஆகவே, பரிசோதனை நாளைத் தள்ளிப்போடாதீர்கள். அறிக்கைகளைத் தேதி வரிசையில் அடுக்கி வையுங்கள்; ஓர் எண்ணைவிட அதன் போக்கே முக்கியம். நோயாளியை அருகில் அமர்த்தி, "இன்னும் எவ்வளவு காலம், அதற்குள் என்ன செய்யலாம்?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். பிறகு கையேந்துங்கள். நோய்களைக் குணமாக்கும் வல்ல ரஹ்மான், உண்மையை எதிர்கொள்ளும் உறுதியை நம் குடும்பங்களுக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.