பரணுக்கு முன் பத்திரம்

போகி வந்தால் நன்னூல் சூத்திரம் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிடும். மொழியில் நிகழும் மாற்றத்தைக் குற்றமென்று கொள்ள வேண்டாம் என்பதற்காகப் பவணந்தி முனிவர் எழுதிய சூத்திரம் அது. அது எப்போது பெண்ணின் பீரோவுக்கான கட்டளையானது என்பது, இருபது ஆண்டுகளாக இலக்கணம் நடத்தும் எனக்கே விளங்கவில்லை.

இப்போது அந்தக் கட்டளைக்கு மினிமலிசம் என்று பெயர். யூடியூபைத் திறந்தால் சேலை அலமாரியைக் காலி செய்வது எப்படி, சமையலறையைப் பாதியாகக் குறைப்பது எப்படி என்று வரிசையாக வருகின்றன. எல்லாமே பெண்ணின் கை படும் இடங்கள். மாடிப்படிக்கு அடியில் துருப்பிடிக்கும் ஸ்கூட்டரையும் செத்துப்போன இன்வெர்ட்டர் பேட்டரியையும் பற்றி யாரும் பேசுவதில்லை. குடும்பத்தில் கொஞ்சமாக வைத்திருப்பவளிடம்தான் குறைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

ஜப்பானின் மரீ கோண்டோவை என் மாணவிகளுக்கும் தெரியும். 2019இல் நெட்ஃப்ளிக்ஸ் தொடர் வந்தபின் அவருடைய முறை வீடுவீடாகப் பரவியது: பொருளைக் கையில் எடுத்துப் பார், மனம் மகிழ்ந்தால் வைத்துக்கொள், இல்லையென்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடு. மூன்றாவது குழந்தைக்குப் பிறகு வீட்டை ஒழுங்காக வைப்பதைக் கிட்டத்தட்டக் கைவிட்டுவிட்டதாக 2023இல் அவரே சொன்னார். எனக்கு அவர்மீது கோபமில்லை. ஆனால் நம் வீடுகளில் ஒரு பொருளைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இது யாருடையது?

என் அம்மாவின் பித்தளை அண்டாவில் தாத்தாவின் பெயர் வெட்டியிருக்கிறது. எவர்சில்வர் தூக்குகளில் மாமாக்களின் பெயர்கள். வீட்டுப் பத்திரத்தில் அப்பாவின் பெயர். தாத்தாவின் நிலம் மாமாக்களுக்குப் போனது. அம்மா விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். சீர்தான் செய்தாயிற்றே, அப்புறம் நிலத்தில் என்ன பங்கு என்பது அன்றைய நியாயம். இன்றைக்கும் எத்தனையோ அக்கா தங்கைகள் சார்பதிவாளர் அலுவலகத்தில் அதே நியாயத்துக்குத் தலையாட்டிக் கையெழுத்துப் போடுகிறார்கள். அப்படியானால் பரணில் கிடக்கும் அந்த அண்டா என்ன? நிலத்துக்குப் பதிலாக அம்மாவின் கையில் திணிக்கப்பட்ட பங்கு. பங்கைப் பாத்திரமாகக் கொடுத்தவர்களே, இப்போது அந்தப் பாத்திரத்தை அடைசல் என்கிறார்கள்.

துறவு எப்போதும் இப்படித்தான் நடந்திருக்கிறது. ஆண் துறப்பான், பெண்ணின் பொருளையும் சேர்த்துத் துறப்பான். 1901இல் காந்தி தென்னாப்பிரிக்காவை விட்டுக் கிளம்பியபோது, கஸ்தூர்பாவுக்கென்று ஐம்பது கினி பெறுமான தங்கச் சங்கிலியையும் மக்கள் பரிசளித்தார்கள். பொதுச்சேவைக்கு வந்த பரிசு, வைத்துக்கொள்ளக் கூடாது என்று அவர் முடிவெடுத்தார். முதலில் பிள்ளைகளைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார். பிறகுதான் மனைவியிடம் வந்தார். நாளை வரப்போகும் மருமகள்களைச் சொல்லி வாதாடினார் கஸ்தூர்பா. இரவும் பகலும் உங்களுக்காக நான் உழைத்தது சேவையில் சேராதா என்றும் கேட்டார். அவரிடமிருந்து எப்படியோ சம்மதத்தைப் பிடுங்கியதாகக் காந்தியே சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். நகை அறக்கட்டளைக்குப் போனது. எளிமையின் புகழ் காந்திக்கு வந்தது. அந்தக் கேள்வி மட்டும் பதிலில்லாமல் நிற்கிறது.

பொருளே வேண்டாம் என்று நம் முன்னோடிகள் போராடவில்லை. பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. சீதனம் முழுக்கப் பெண்ணுக்கே உரியது என்று 1985இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1989இல் தமிழ்நாட்டுத் திருத்தம் இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தந்தது, அதற்குமுன் மணமானவர்களை விலக்கிவிட்டு. 2005இல் நாடு முழுவதற்குமான திருத்தம் வந்தது. இத்தனை ஆண்டுகள் போராடி ஒரு கைப்பிடி உரிமை வந்து சேரும் நேரத்தில், உடைமையே பாரம் என்று யாராவது உபதேசித்தால் எனக்குச் சந்தேகம் வருகிறது.

பொருள் குறைந்தால் வேலை குறையும் என்பதை நான் மறுக்கவில்லை. தூசி தட்டுபவளும் துலக்குபவளும் பெண்தான். அவளாக முடிவெடுத்துப் பத்துத் தட்டை நான்காக்கினால் அது விடுதலை. அடுத்தவர் முடிவெடுத்தால் அப்புறப்படுத்தல். மகளுக்குக் கல்யாணம் முடிந்த கையோடு அவளுடைய அலமாரியைக் காலி செய்யாத வீடு எத்தனை? என் கல்லூரிக்காலக் கவிதை நோட்டுகள் அப்படித்தான் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போயின. அதே அறையில் அண்ணனின் கிரிக்கெட் மட்டை இன்னும் ஆணியில் தொங்குகிறது.

காலி செய்தவை எங்கே போகின்றன என்பதையும் கேட்க வேண்டும். கிழிந்த சேலை வீட்டுவேலைக்கு வரும் பெண்ணுக்கு. அவர் கேட்ட சம்பள உயர்வுக்குப் பதிலாக. மீதி குப்பைவண்டிக்கு. அதைக் கையால் கிளறிப் பிரிப்பவர்களிலும் பெண்கள் உண்டு. ஒரு வீட்டின் வெறுமை இன்னொருத்தியின் முதுகில் மூட்டையாக ஏறுகிறது. அதை எளிமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விடுதி அறையில் ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு வாளியோடும் வாழும் என் மாணவிகளுக்கு நான் சொல்வது இதுதான். சேர்த்துக்கொள்ளுங்கள். சான்றிதழ்களை, நோட்டுகளை, நகை வாங்கிய ரசீதுகளை, உங்கள் பெயரில் வங்கிக் கணக்கை, பூட்டும் சாவியும் உள்ள ஓர் அலமாரியை. யார் காகிதத்தை நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டைச் சுத்தம் செய்யலாம் என்று யாராவது கூப்பிட்டால், முதலில் பட்டாவையும் வில்லங்கச் சான்றிதழையும் எடுத்து வரச் சொல்லுங்கள். உங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பரணைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.