தறியில் கலக்கும் நிறங்கள்

மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை. சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் சேறு மாதிரி ஒரு பழுப்பு. பள்ளிக்கூடத்து ஓவிய வகுப்பில் சொல்லித் தருவது இதுதான். பெயிண்டுக்கு இது சரி. துணிக்கு?

திண்டுக்கல்லில் இருந்து மதுரை போகும் வழியில், காந்திகிராமத்தை ஒட்டி இருக்கிறது சின்னாளபட்டி. சுங்குடிச் சேலைக்கும் செயற்கைப் பட்டுச் சேலைக்கும் பேர் போன நெசவு ஊர். அங்கே போய்ப் பார்த்தால் தெரியும், தறியில் நிறத்தின் கணக்கே வேறு.

நீளவாட்டில் ஓடும் பாவு நூல் நீலம், குறுக்கே போகும் ஊடை நூல் பச்சை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சாயமும் கலப்பதே இல்லை. நூல்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். கலப்பது பார்ப்பவர் கண்ணில்! பளபளப்பான நூலாக இருந்தால், மடிப்புத் திரும்பும்போது ஒரு பக்கம் நீலம் தூக்கும், மறுபக்கம் பச்சை தூக்கும். மயில்கழுத்து நிறம் பிறப்பது இப்படித்தான்.

சுங்குடியில் இது வேறு மாதிரி. துணியில் சின்னச் சின்ன முடிச்சுகள் போட்டுச் சாயத்தில் முக்கினால், முடிச்சுக்குள் இருந்த இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். அந்த வெள்ளைப் புள்ளி அரக்குச் சிவப்பில் பளிச்சென்று தெரியும். வெளிர் மஞ்சளிலோ அமுங்கிப் போகும். புள்ளி அதேதான், பக்கத்து நிறம்தான் மாறியிருக்கிறது.

கரையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. உடலின் ஊடை நூல் கரைக்குள்ளும் ஓடினால் கரையின் நிறம் மங்கிவிடும். காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் கரைக்குத் தனி நாடா, உடலுக்குத் தனி நாடா ஓட்டி அந்தக் கலப்பைத் தடுத்துவிடுகிறார்கள். பச்சை உடலும் சிவப்புக் கரையும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டுவது அதனால்தான்.

பாரிஸில் கோபெலின் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்கு 1824ல் பொறுப்பேற்றவர் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர். அங்கே கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது. சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் காரணம் என்று அவர் கண்டுபிடித்தார். 1839ல் அது புத்தகமாக வந்தது. ஓவியர்கள் அதைத் தேடிப் படித்தார்கள்.

ஷெவ்ரல் எழுதினால் விஞ்ஞானம். அதையே தறிக்காரர் நூலில் செய்து காட்டினால் 'கைப்பழக்கம்'! இது என்ன நியாயம்? நெய்த உழைப்புக்குச் சேலைக்கு இவ்வளவு என்று கூலி உண்டு. எந்தப் பாவுக்கு எந்த ஊடை என்று தேர்ந்த கண்ணுக்கு ஒரு பெயர்கூடக் கிடைப்பதில்லை. அச்சு இயந்திரம் சுங்குடிப் புள்ளியைக் காப்பி அடித்துவிடும். மயில்கழுத்தின் அசைவை அதனால் அடிக்க முடியாது. நெசவு ஊர்களின் கையில் மிச்சம் இருக்கும் பலம் அதுதான். அதற்குப் பெயரும் மதிப்பும் இல்லையென்றால் அடுத்த தலைமுறை ஏன் தறியில் உட்கார வேண்டும்?

செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. விலைச்சீட்டில் பாவு நிறம், ஊடை நிறம், நெய்தவர் பெயர் என்று மூன்று வரி போடலாம். டிசைன் படிக்கும் மாணவர்கள் வண்ணச் சக்கரத்தோடு நிற்காமல் ஒரு வாரம் தறிப் பக்கம் போய் உட்காரலாம். சேலை வாங்குபவர்கள் கடை விளக்கை நம்பாமல், வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து ஒரு மடிப்பைத் திருப்பிப் பார்க்கட்டும்.